ரோஸ்லினின் பால்கோவா கேக்

அத்தை மூன்றாவது துண்டை எடுத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

என் மகளின் முதல் பிறந்த நாள். ராஜபாளையத்தில் என் கணவர் வீட்டுக் கூடம். வந்தவர்கள் எல்லாரும் கேசரியும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போயிருந்தார்கள். எவர்சில்வர் தட்டில் கேக் பாதி மிச்சம் இருந்தது. அத்தை, அதாவது என் மாமியார், சுற்றுமுற்றும் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைப்பது போல ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார். விரலில் ஒட்டியிருந்த தூளைக்கூட விடவில்லை.

மாமா காலமான பிறகு அத்தைக்கு வெளிச் சாப்பாடு கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட உட்கார மாட்டார். ஊருக்குப் போனால் தூக்குவாளியில் எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு போவார். அப்படிப்பட்டவர் நான் செய்த கேக்கை ஒளித்துத் தின்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"என்னட்டி பாக்க? வாயில வச்சதும் கரையுது. எங்கிட்டுப் படிச்ச இத?"

"எங்கம்மா வீட்டுல கத்துக்கிட்டது அத்தை."

அன்று நான் சொன்ன முதல் பொய் அது.

கடிதம் எழுதியவர்களுக்கு

சமையல் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதத் தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பாதி அந்தக் கேக்கைப் பற்றித்தான். பத்திரிகையில் வந்த என் குறிப்பை வெட்டி இன்னும் வைத்திருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். "பால்கோவாவைக் கேக்கில் போடலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

எனக்குத் தோன்றவில்லை அம்மா. அது ரோஸ்லினுக்குத் தோன்றியது. இத்தனை நாள் இதைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

ரோஸ்லின் எங்கள் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தாள். அவள் கணவர் பஞ்சாலையில் எலெக்ட்ரீசியன். அவள் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர். என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளுக்குக் குழந்தை இல்லை. என் மகளைத் தூக்கினால் கீழே விட மாட்டாள்.

எங்களுக்குப் பொதுவாக ஒரு கொல்லை, ஒரு துணி துவைக்கும் கல், ஒரு கறிவேப்பிலை மரம். அதற்கு மேல் ஒரு நட்பு உண்டாக வேறென்ன வேண்டும்?

கூட்டாஞ்சோறு நாட்கள்

என் கணவர் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருந்தார். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மதியம் சாப்பிட வந்துபோவார். அவருக்குச் சாப்பாட்டில் பெரிய ஆசை கிடையாது. சூடாக இருக்க வேண்டும், நேரத்துக்கு இருக்க வேண்டும். எங்கள் வீடு சுத்த சைவம். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, கீரை, துவையல், சுட்ட அப்பளம் என்று வாரம் சுற்றிச் சுற்றி வரும்.

சனிக்கிழமை மட்டும் கூட்டாஞ்சோறு. அரிசியும் பருப்பும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கையில் கிடைத்த கீரையும் ஒரே பானையில். தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைத்துவிட்டு, புளி கரைத்து ஊற்றி, கடைசியில் வடகத்தைப் பொரித்துப் போட்டால் வாசம் தெருவரைக்கும் போகும்.

அந்த வாசத்துக்குத்தான் ரோஸ்லின் முதலில் வந்தாள்.

"அக்கா, என்ன பண்றீக? எனக்கு அங்கிட்டு இருக்க முடியல."

அத்தை கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் அது; நாங்கள் கூடிச் சமைத்தது அவருக்குத் தெரியாது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டுத் தட்டை நீட்டினாள். மறு சனிக்கிழமை அவளே செய்து பார்த்தாள். குழைந்துபோய்க் களியாகிவிட்டது. நான் போய் அடுப்பைக் குறைத்துக் காட்டினேன். மூன்றாவது வாரம் என்னுடையதைவிட நன்றாக வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அவளிடம் ஒரு கேக் அடுப்பு இருந்தது. வட்டமான அலுமினியப் பாத்திரம், மூடியில் கண்ணாடி, பக்கத்தில் கரண்ட் வயர். பட்டாளத்தில் இருந்த அவள் அண்ணன் லீவில் வரும்போது வாங்கி வந்தது. மூடியின் கைப்பிடி உடைந்துபோய், அவள் கணவர் நீல நிற வயரைச் சுற்றிக் கட்டிக் கொடுத்திருந்தார். ஞாயிறு மதியம் அதில் கேக் வேகும்போது கறிவேப்பிலை மரத்தடியில் நின்று நான் மூச்சை இழுத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "உங்களுக்கு ஒரு துண்டு குடுக்க முடியலியேக்கா. முட்டை இல்லாம செய்ய முடியாதா?"

"நீதான் டீச்சர். நீ சொல்லு."

மூன்று கேக்குகள்

முதல் கேக் செங்கல்லாக வந்தது. இரண்டாவது நடுவில் குழிந்து, உள்ளே பச்சை மாவாக இருந்தது. டின்னில் வரும் கெட்டிப்பால் போட்டால் சரியாக வரும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அது எங்கள் தெருக் கடைகளில் கிடைக்கவில்லை.

அந்த வாரம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்திருந்தேன். என் பிறந்த வீடு மடவார் வளாகத்தில். வரும்போதெல்லாம் அம்மா அரைக் கிலோ பால்கோவா வாங்கிக் கையில் கொடுத்துவிடுவாள். அந்தப் பொட்டலத்தைப் பிரித்து ரோஸ்லினுக்கு ஒரு உருண்டை கொடுத்தேன். அவள் வாயில் போட்டவள் அப்படியே நின்றாள்.

"அக்கா! இதுவும் சுண்டின பாலும் சீனியும்தானே?"

மிச்சப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பால்கோவாவைச் சூடான பாலில் கட்டியில்லாமல் கரைத்தாள். உருக்கிய வெண்ணெய், மைதா, சோடா உப்பு, புளித்த தயிர். மாவைக் கலக்கியதும் ஊற வைக்காமல் உடனே அடுப்பில் வைத்தாள். சாயந்திரம் தறிகள் முழுசாக ஓடும்போது கரண்ட் இறங்கிவிடும் என்று மதியமே ஏற்றினாள்.

முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேக் எழும்பியது. மேலே பொன் நிறத்தில் ஒரு வெடிப்பு விழுந்தது. பால் சுண்டிய வாசம் வந்தது.

அவள் எனக்காகப் புதிதாக ஒரு தகர டின் வாங்கியிருந்தாள். கரண்டியும் தனி.

"இதுல முட்டையே பட்டதில்லக்கா. உங்களுக்குன்னே வச்சிருக்கேன். அடுப்பையும் சோடா போட்டுத் தேச்சுட்டேன். பயப்படாம சாப்புடுங்க."

சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் மூன்று முறை தோற்று, நாலாவது முறை ஜெயித்தது அதுதான் என்று எழுத ஆசை. உண்மையில் மூன்றாவது முறையே ஜெயித்துவிட்டாள். அவ்வளவு கெட்டிக்காரி.

பிறந்த நாள்

மகளின் பிறந்த நாளுக்கு அந்தக் கேக்கை நானே செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காலையில் அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ரோஸ்லின் தன் அடுப்பையும் எனக்கென்று வைத்திருந்த டின்னையும் துண்டு போட்டு மூடித் தூக்கி வந்து என் அடுக்களையில் வைத்தாள். மாவு கலக்கியது நான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் நிலைப்படிக்கு வெளியே நின்று, "அக்கா, ரொம்பக் கலக்காதீக, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தில் அவள் கை படவே இல்லை.

கேக்கைத் தின்ற பிறகு அத்தை அடுக்களைக்கு வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு, "இது ஏது?" என்று கேட்டார். அதையும் அம்மா வீட்டில் இருந்து கொண்டுவந்ததாகச் சொல்லிவிட்டேன். ஒரு பொய் சொன்ன வாய்க்கு அடுத்தது சுலபமாகத்தான் இருந்தது.

ரோஸ்லினை விசேஷத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எல்லாரும் போன பிறகு ஒரு துண்டை இலையில் வைத்துப் பின்கட்டுக்குக் கொண்டு போனேன்.

"அத்தை சாப்புட்டாகளா?" என்றாள்.

"மூணு துண்டு."

சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினாள். "எங்க அடுப்புன்னு சொன்னீகளா?"

"இன்னும் சொல்லல."

"சொல்ல வேணாம்க்கா. சாப்புட்டாகல்ல, அம்புட்டுப் போதும்."

நீல வயர்

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்தன. மலைக்காற்று கொல்லைக் கதவை அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகல். ரோஸ்லின் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு குண்டானில் முட்டைகளை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய பண்டிகை, அவளுடைய கேக். பக்கத்தில் அந்த அடுப்பு இருந்தது.

அத்தை கறிவேப்பிலை பறிக்கப் போனார்.

நீல வயர் சுற்றிய கைப்பிடியை அவர் மறக்கவில்லை. குண்டானைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். கையில் இருந்த கறிவேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார். குளியலறைக்குப் போய் வாய்க்குள் விரலை விட்டு ஓங்கரித்தார். சாப்பிட்டு எத்தனையோ நாளாகிவிட்டது, வயிற்றில் ஒன்றும் இருக்காது என்று நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அவரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். புருஷன் போன பிறகு அவருக்கென்று மிஞ்சியிருந்தது அந்த நோன்பு ஒன்றுதான். அது கெட்டுப்போனது என்று மனதார நம்பினார். அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மதியம் என் கணவர் வந்தார். அத்தை ஈரச் சேலையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உம் பொண்டாட்டி எனக்கு முட்டையத் திங்கக் குடுத்துட்டாடா."

அவர் என்னைப் பார்த்தார். அவர் என்னை அடித்தவர் இல்லை. குரலை உயர்த்தியவர்கூட இல்லை. ஆனால் அன்று அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று என்னென்னவோ ஓடியது.

"அந்த அடுப்பு யாரோடது?"

"ரோஸ்லினோடது."

"கேக்குல முட்டை இருந்துச்சா? உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒத்த வார்த்தையில சொல்லு."

இல்லை என்று சொன்னால் போதும். பால்கோவா, தயிர், தனி டின், எல்லாவற்றையும் எடுத்துக் காட்டியிருக்கலாம். டின் அப்போதும் என் அடுக்களை அலமாரியில்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், அம்மா வீட்டு அடுப்பு என்று சொன்னது பொய்யாகும், அவளோடு இத்தனை மாதம் கூடிச் சமைத்தது வெளியே வரும், பொய் சொன்னவள் பேச்சை யார் நம்புவார்கள்?

"எனக்குத் தெரியாது. அவதான் கலந்தா" என்றேன்.

அவ்வளவுதான். நாலு சொல்.

வாசலில்

என் கணவர் அப்போதே பின்கட்டுக்குப் போய், வாரம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

செத்த நேரத்தில் ரோஸ்லின் முன்வாசலுக்கு வந்தாள். எப்போதும் கொல்லை வழியாக வருபவள். கையில் முட்டை பிசுபிசுப்புகூடக் காயவில்லை. ஏதோ தவறுதலாக நடந்துவிட்டது, நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்றுதான் அவள் முகம் சொன்னது.

"ஆச்சி, முட்டை இல்ல. சத்தியமா இல்ல. அக்காவக் கேளுங்க. அக்காவுக்கு எல்லாம் தெரியும்."

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏட்டி, நீ உள்ள போ" என்று எனக்குச் சொன்னார்.

நான் உள்ளே போனேன். அடுப்பில் ரசம் நுரை கட்டி வந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா..." என்று ஒரு தரம் கூப்பிட்டாள். "அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, "ஏமாயிந்தி?", என்ன ஆச்சு என்று தெலுங்கில் விசாரித்தது காதில் விழுந்தது. யாரோ பதில் சொன்னார்கள். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சேத்தூருக்குப் போனார்கள். அவள் கணவர் அங்கிருந்து பஸ்ஸில் ஆலைக்கு வந்து போனார்.

அதோடு முடியவில்லை. சைவ வீட்டுக்கு முட்டையைக் கலந்து கொடுத்தவள் என்ற பேச்சு தெருவைத் தாண்டிப் போனது. நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஊட்டிவிடுவது அவள் வேலை. அவள் கை படக்கூடாது என்று நாலைந்து பெற்றோர் போய்ச் சொன்னார்கள். லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதைச் சொன்னது எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்த பெண். கேட்டுக்கொண்டே நான் பாலுக்குப் பாத்திரம் நீட்டினேன்.

பத்திரிகையில் வந்த பெயர்

வருடங்கள் ஓடின. மகள் பள்ளிக்கூடம் போனாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பெண்கள் பத்திரிகையில் வீட்டிலேயே செய்யும் எளிய சைவச் சமையலுக்கும் இனிப்புக்கும் போட்டி வைத்தார்கள். நான் நாலு குறிப்பு அனுப்பினேன். மூன்று என்னுடையவை. நாலாவது பால்கோவா கேக்.

நாலாவதற்குத்தான் பரிசு வந்தது. என் பெயரும் ஊரும் போட்டோவும் அச்சில் வந்தன. நீங்கள் என்னைத் தெரிந்துகொண்டது அதனால்தான். அதன் பிறகுதான் எழுதச் சொன்னார்கள். வெட்கமில்லாமல் எழுதினேன்.

கணவர் அந்தப் பக்கத்தைத் தறிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினார். பால்கோவா போட்டது என்று எழுதியிருந்தது. முட்டை வேண்டாம் என்று எழுதியிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. 

பிறகு அத்தை படுக்கையில் விழுந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது, இனியும் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

"அத்தை, அந்தப் பிறந்த நாள் கேக்குல முட்டை இல்ல. மாவு கலந்தது நான்தான். நீங்க நிம்மதியா இருக்கணும்."

அத்தை கஞ்சியை விழுங்கினார்.

"தெரியும்ட்டி."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"முட்டை போட்டா வாடை வராதா? ரெண்டு நாள் கழிச்சு யோசிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பொறவு ஏன் அத்தை சொல்லல?"

"அவள விரட்டியாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு. இல்லன்னு எந்த வாயால சொல்ல? நீ சொல்லுவன்னு பாத்தேன். நீயும் சொல்லல."

வாயைத் துடைத்துவிட்டேன். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த மாதம் காலமானார்.

சேத்தூர்

காரியங்கள் முடிந்த பிறகு ஒரு நாள் சேத்தூருக்குப் பஸ் ஏறினேன். எலெக்ட்ரீசியன் வீடு என்று கேட்டு விசாரித்துக்கொண்டு போனேன். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

ரோஸ்லின் வெளியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன்.

"வாங்கக்கா. வெயில்ல வந்திருக்கீக" என்று நாற்காலியை எடுத்து வேப்பமரத்தடியில் போட்டாள். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். அத்தை இறந்ததைச் சொன்னேன். "கேள்விப்பட்டேன்" என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள்: "பத்திரிகையில பாத்தேன்க்கா. போட்டோ நல்லா இருந்துச்சு. தயிரு ஒரு கரண்டின்னு போட்டிருந்தீக. ஒண்ணரை. ஒரு கரண்டின்னா நடுவுல அமுங்கிரும்."

நான் மனப்பாடம் செய்து வந்ததைத் தொடங்கினேன்.

"ரோஸ்லின், அன்னைக்கு நான்..."

"இருங்க, வாரேன்" என்று கிளம்பிப் போனாள். வீட்டுக்குள் போகவில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கலர் பாட்டில் இருந்தது. உள்ளே ஒரு உறிஞ்சு குழாய்.

"கடைக்காரர்தான் மூடி தொறந்தாரு. எங்க வீட்டு டம்ளர் எதுவும் படல. நீங்க பயப்படாம குடிங்க."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். சைவ வீட்டுக்காரி வந்தால் இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்து, அதில் பழகிப்போன முகம் அது.

உன் வீட்டுத் தண்ணீர் கொடு என்று கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. குடித்தேன். ஆரஞ்சு கலர், தித்திப்பாக, கொஞ்சம்கூடக் குளிர்ச்சி இல்லாமல். அவள் எதிரில் நின்றுகொண்டே இருந்தாள். அவ்வளவு நேரமும் உட்காரவில்லை. நான் பேசுவதற்காக நிற்கிறாள் என்று நினைத்து வாயைத் திறந்தேன்.

"முடிச்சிருங்கக்கா. பாட்டிலத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள்.

முடித்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு கடைப் பக்கம் நடந்தாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.